1,240 அடிக்கு அப்பால்

2024 மார்ச் கடைசியில் எங்கள் குடியிருப்பின் பின்பக்கம், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வந்து நின்றது. அந்தக் கோடையைப் பெங்களூருவில் கழித்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. லாரித் தண்ணீருக்கு முதல் நாளே சொல்லிவைத்து, அது நள்ளிரவில் வந்தால் எழுந்து போய் சம்ப் மூடியைத் திறந்துவிட்ட நாட்கள் அவை. எங்கள் இரண்டு பழைய போர்வெல்களில் ஒன்று பிப்ரவரியிலேயே நின்றுபோனது. சங்கக் கூட்டத்தில் மூன்று வாரம் பேசினோம், அனுமதிக்கு அலைந்தோம். நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்தார். தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டார்.

ரிக் வண்டியோடு வந்தவர்கள் திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆட்கள். நாட்டின் எந்த மூலையில் போர் போட்டாலும் அந்த ஊர் வண்டியைப் பார்க்கலாம். ஆனாலும் ஹொரமாவில் வீட்டு வாசலிலேயே கொங்குத் தமிழ் கேட்டதில் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். மோர் கரைத்துக் கொடுத்துவிட்டு, நாற்காலி போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ராடு மேல் ராடாக இறங்கிக்கொண்டிருந்தது. 280 அடியில் கொஞ்சம் ஈரம் காட்டியது. அப்புறம் ஒன்றுமில்லை. 700, 900, 1,100 என்று போகப்போக வெள்ளைப் பொடி புகையாக எழும்பி எல்லோர் தலையிலும் படிந்தது. 1,240 அடியில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வண்டிக்காரர் எங்களிடம் வந்தார். “வெறும் புகைதானுங்க. இனிமே இறக்குனா அமெரிக்காதானுங்க வரும்” என்றார். வேடிக்கைக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. இத்தனை குடும்பத்துக் காசு மண்ணுக்குள் போனதே என்ற வருத்தம் அவர் முகத்தில் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

அம்மா மட்டும் நாற்காலியிலிருந்து நிமிர்ந்து, “அங்கதான் என் பொண்ணு இருக்கா” என்றாள்.

கோலத்துக்கு நேர் கீழே

அக்கா சான் ஹோசேவுக்குப் போய்ப் பதினான்கு வருடம் ஆகிறது. போன புதிதில் நேரக் கணக்கு அம்மாவுக்குக் குழப்பமாக இருந்தது. நமக்குப் பகல் என்றால் அவளுக்கு ராத்திரி, நம் காலுக்கு நேர் கீழே பூமியின் அந்தப் பக்கம் அவள் நிற்கிறாள் என்று அப்பாதான் அதைச் சுலபமாக்கிச் சொல்லிக்கொடுத்தார். அப்பா இப்போது இல்லை. அவர் சொன்னது மட்டும் அம்மாவிடம் அப்படியே தங்கிவிட்டது. எங்களுடையது தரைத்தள வீடு. காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடும்போது, “இப்போ அவ ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டு முடிச்சிருப்பா” என்று தரையைப் பார்த்துச் சொல்வாள். அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்த அன்று, விமானச் சீட்டு கிடைக்காமல் இங்கேயே இருக்க நேர்ந்தபோது, வாசல்படியில் உட்கார்ந்து உள்ளங்கையைத் தரையில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் என் கண்ணால் பார்த்தேன்.

அதனால் வண்டிக்காரர் சொன்ன வார்த்தை எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. நாம் எல்லோரும் சின்ன வயதில் கேட்டதுதான், தோண்டிக்கொண்டே போனால் அமெரிக்கா வரும் என்று. அக்கா மகன் படிக்கும் பள்ளியில் பிள்ளைகள் தோண்டினால் சீனா வரும் என்று சொல்லிக்கொள்கிறார்களாம். இரண்டில் ஒன்றாவது உண்மையா? நாற்பத்தாறு வயது வரை நான் இதைச் சரிபார்த்ததே இல்லை.

கணக்கு மிகச் சின்னது. அட்சரேகையில் வடக்கைத் தெற்காக மாற்ற வேண்டும். தீர்க்கரேகையை 180-லிருந்து கழித்து, கிழக்கை மேற்காக்க வேண்டும். பெங்களூரு வடக்கே 12.97, கிழக்கே 77.59. அப்படியானால் நேர் எதிர்ப்புள்ளி தெற்கே 12.97, மேற்கே 102.41. வரைபடத்தில் அந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். நீலம். பெரிதாக்கிப் பார்த்தாலும் நீலம், சுருக்கிப் பார்த்தாலும் நீலம். பசிபிக் பெருங்கடலின் நடுவே, மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழமுள்ள தண்ணீர். அதற்கு அருகில் என்று சொல்லத்தக்க நிலமே ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தள்ளி, தெற்கே சிலே நாட்டுக்குச் சொந்தமான சாலா இ கோமேஸ் என்ற பாறைத் தீவு. அதில் மனிதர்கள் கிடையாது, கடற்பறவைகள்தான். ஒரு வாளித் தண்ணீருக்காக நாங்கள் துளைத்த துளையின் மறுமுனை, உலகத்திலேயே பெரிய கடலுக்கு அடியில் இருந்தது. அன்று இரவு வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்கப்புறம் தெரிந்த ஊரையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். சென்னை, மதுரை, கன்னியாகுமரி, யாழ்ப்பாணம் எல்லாவற்றுக்கும் எதிரே கடல். தமிழ்நாடு முழுவதற்குமே ஒரு பிடி மண் எதிரே இல்லை. இந்தியாவில் தேடினால் ராஜஸ்தானில் மட்டும் இரண்டு இடம் சிக்கியது. ஜெய்சல்மரை அடுத்த பாலைவனத்துக்கு நேர் எதிரே ஈஸ்டர் தீவு இருக்கிறது, அந்தப் பெரிய கற்சிலைகளின் தீவு. அஜ்மீருக்கு எதிரே, நான் மேலே சொன்ன அதே பறவைப் பாறை. அது 15 ஹெக்டேர்தான் இருக்கும். இத்தனை பெரிய கடலில் அந்தப் புள்ளி சரியாக அஜ்மீர் நகரத்துக்கு எதிரே போய் உட்கார்ந்திருப்பதை மூன்று முறை கணக்குப் போட்ட பிறகுதான் நம்பினேன். தமிழர்களில் காலுக்குக் கீழே மண் உள்ளவர்கள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் எதிரே ஈக்வடார், பினாங்குக்கு எதிரே பெரு நாட்டின் வடபகுதி. உலகத்தின் மொத்த நிலத்தில் ஏழில் ஒரு பங்குக்குத்தான் எதிரேயும் நிலம் உண்டு. மற்றதெல்லாம் கடலைத்தான் மிதித்துக்கொண்டிருக்கிறது.

கடைசியாகத்தான் சான் ஹோசேயைப் போட்டேன். கை கொஞ்சம் தயங்கியது என்பது உண்மை. அக்காவின் காலுக்கு நேர் கீழே மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடல்.

அப்பா சொன்னதில் தவறு எங்கே இருந்தது என்பது அப்போது பிடிபட்டது. கடிகாரம் பார்ப்பது தீர்க்கரேகையை மட்டும். கோடைகாலத்தில் சான் ஹோசேவுக்கும் நமக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். அதனால் கடிகாரப்படி அவள் ஏறக்குறைய எதிர்ப்பக்கம்தான். ஆனால் நாமும் அவளும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கேதான் இருக்கிறோம். நேர் எதிரே போக வேண்டுமென்றால் அவள் தெற்கே இறங்கியிருக்க வேண்டும். நமக்கு மார்கழி என்றால் அவளுக்கும் குளிர்காலம்தானே? உண்மையான எதிர்ப்புள்ளியில் இரவு பகல் மட்டுமல்ல, பருவமும் தலைகீழாக மாறும். இத்தனை வருடமாக டிசம்பரில் அக்கா கம்பளிக்குள் சுருண்டு உட்கார்ந்து வீடியோவில் பேசுவதைப் பார்த்தும் எனக்கு இது உறைக்கவில்லை.

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? கோலத்துக்குக் கீழே யாருமில்லை, வெறும் தண்ணீர் என்று எழுபத்திரண்டு வயதில் ஒருத்தியிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா? சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஆனால் தெரிந்துகொண்டதைத் தெரியாததாக்க முடியவில்லை. அவள் தரையைப் பார்த்துப் பேசும் ஒவ்வொரு முறையும் நான் அவளிடம் பொய் சொல்வது போலிருந்தது.

கடம்பப்பூ

அந்த வாரங்களில் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பூமியின் மறுபக்கத்தில் மனிதர்கள் இருக்க முடியுமா என்பதே பழைய காலத்தில் பெரிய சண்டை. நான்காம் நூற்றாண்டில் லாக்டான்டியஸ் என்ற ரோமானிய எழுத்தாளர், தலைக்கு மேலே கால் இருக்கும் மனிதர்களா, பயிர் கீழ்நோக்கி வளருமா, மழை மேல்நோக்கிப் பெய்யுமா என்று கேட்டு அந்த எண்ணத்தையே ஏளனம் செய்திருக்கிறார். அவர் காலத்தில் கேட்பதற்கு அது நியாயமான கேள்விதான் என்று எனக்குப் படுகிறது. கீழே என்பது எல்லோருக்கும் ஒரே திசை என்று நினைத்தால் வேறெப்படிக் கேட்க முடியும்?

நம் பக்கத்து விடை கி.பி. 499-இல் வந்தது. இருபத்துமூன்று வயது ஆரியபட்டர், கடம்பப்பூவின் உருண்டையைச் சுற்றிலும் எல்லாப் பக்கமும் இதழ்கள் மூடியிருப்பது போல, பூமி உருண்டையைச் சுற்றிலும் நிலத்திலும் நீரிலும் வாழும் உயிர்கள் நிறைந்திருக்கின்றன என்று எழுதினார். கடம்பு என்றால் நமக்கு முருகன் நினைவுக்கு வருவான். அந்தப் பூவைக் கையில் உருட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த உவமை உடனே புரியும். எந்த இதழ் மேல், எந்த இதழ் கீழ் என்று அதில் சொல்லவே முடியாது. லங்கையில் சூரியன் உதிக்கும்போது சித்தபுரத்தில் மறைகிறது என்றும் அவர் எழுதினார். அவருடைய லங்கை இன்றைய இலங்கை இல்லை. உஜ்ஜயினிக்கு நேர் தெற்கே நிலநடுக்கோட்டில் குறித்த ஒரு புள்ளி அது. அதற்கு நேர் எதிர்ப்புள்ளிதான் சித்தர்களின் ஊரான சித்தபுரம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதுவும் பசிபிக் கடல்தான். வடமுனையில் மேருவில் இருக்கும் தேவர்களும், தென்முனையில் நீருக்கு நடுவே வடவாமுகத்தில் இருக்கும் அசுரர்களும், மற்றவர் தங்களுக்குக் கீழே இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள் என்று ஒரு வரி. அந்த வரியை நான் பலமுறை திரும்பப் படித்தேன்.

ஆனால் என்னை அசைத்தது 1150-இல் கணித அறிஞர் பாஸ்கரர் எழுதியது. எங்கே நிற்பவனும் பூமி தன் காலடியில் இருப்பதாகவும் தான் அதன் மேல் நிற்பதாகவும்தான் நினைக்கிறான், பூமியின் இரு எதிர்ப்புள்ளிகளில் நிற்பவர்கள், நீர்க்கரையில் நிற்கும் மனிதர்களின் பிம்பம் தண்ணீரில் தெரிவது போல, ஒருவருக்கொருவர் தலைகீழாக இருக்கிறார்கள் என்கிறார். அல்சூர் ஏரிக்கரையில், தமிழ்ச் சங்கத்துக்குப் போகும் வழியில் நடந்துகொண்டிருந்தபோது இதை யோசித்தேன். அந்த வருடம் ஏரியில் தண்ணீர் குறைந்திருந்தது. இருந்தாலும் கரையோரம் குனிந்து பார்த்தால் என் கால் இருந்த இடத்தில்தான் பிம்பத்தின் காலும் இருந்தது. அது விழுந்துவிடவில்லை. அதற்கு மேலே அதனுடைய வானம் இருந்தது.

துளை போட்டு மறுபக்கம் போவதைப் பற்றியும் படித்தேன். ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970-இல் தொடங்கி இருபது வருடம் துளைத்து 12,262 மீட்டர் போனார்கள். உள்ளே 180 டிகிரி வெப்பம், பாறை இளகத் தொடங்கிவிட்டது, அதற்கு மேல் முடியவில்லை. பூமியின் குறுக்களவு 12,742 கிலோமீட்டர். மனிதன் துளைத்ததிலேயே ஆழமான துளை அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. எங்கள் 1,240 அடியை எதனோடு ஒப்பிடுவது? ஒரு சுரங்கம் மட்டும் இருந்து, அதில் காற்றும் உராய்வும் இல்லாமல், பூமி முழுக்க ஒரே அடர்த்தி என்றும் வைத்துக்கொண்டால், விழுந்தவர் 42 நிமிடத்தில் மறுபக்கம் போய்ச் சேருவார் என்று இயற்பியல் சொல்கிறது. இதில் எனக்கு மிகப் பிடித்தது இன்னொன்று. சுரங்கம் பூமியின் நடுவழியாகப் போகாமல் சாய்வாக வேறொரு ஊருக்குப் போனாலும் அதே 42 நிமிடம்தான். சான் ஹோசேவுக்குப் போட்டாலும் அவ்வளவுதான்.

ஏப்ரல் 24, 12.17

பெங்களூருவில் வருடத்துக்கு இரண்டு நாள், ஏப்ரல் 24-ஐயும் ஆகஸ்ட் 18-ஐயும் ஒட்டி, நண்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும். நட்டு வைத்த கம்புக்கு நிழல் இருக்காது. பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று குடியிருப்பில் பேச்சு எழுந்தது. ஒரு பழைய கதை ஞாபகம் வந்தது. எகிப்தின் சயீன் ஊரில், கோடையின் உச்ச நாளில், சூரிய ஒளி கிணற்றின் அடி வரை நேராக விழுவதைக் கேள்விப்பட்டுத்தான் பழைய கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார் என்பார்கள். எங்களிடமும் நேராக இறங்கும் ஒரு கிணறு இருந்தது, தண்ணீர்தான் இல்லை.

வறண்ட போரை நாங்கள் திறந்து போட்டிருக்கவில்லை. அன்றே இரும்பு மூடி போட்டு போல்ட் முடுக்கி, சுற்றிலும் சுவர் எழுப்பியிருந்தோம். திறந்து கிடக்கும் குழாய்க்கிணறு என்ன செய்யும் என்பதைத் தமிழ் தெரிந்த யாருக்கும் விளக்க வேண்டாம். பிள்ளைகள் எல்லோரையும் கட்டையும் தம்ளருமாக மொட்டைமாடிக்கு அனுப்பிவிட்டு, நானும் காவலாளியும் மட்டும் மூடியைக் கழற்றினோம். அம்மாவும் வந்து நின்றாள். அக்காவை வீடியோவில் கூப்பிட்டிருந்தாள். அங்கே முந்தின நாள் இரவு பன்னிரண்டு மணி ஆகப்போகிறது.

பன்னிரண்டு மணிக்குக் கேசிங் பைப்பின் உட்சுவரில் பிறை போல ஒரு வெளிச்சம் விழுந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கீழே இறங்கத் தொடங்கியது. 12.10, 12.13. பிறை எங்கள் கண்ணுக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டது. 12.17-க்கு உட்சுவரில் எந்தப் பக்கமும் வெயில் இல்லை. வெளிச்சம் எதன் மேலும் படாமல் நேராகக் கீழே போய்க்கொண்டிருந்தது. அம்மாவின் நிழல் அவள் புடவை ஓரத்துக்குள் சுருண்டு காணாமல் போயிருந்தது. சூரியன், அம்மா, பூமியின் நடு, அப்புறம் அந்தக் கடல் எல்லாம் அந்த நிமிடத்தில் ஒரே கோட்டில் இருந்தன. அங்கே அப்போது நடுநிசி. அதற்கு முந்தின நாள்தான் சித்ரா பௌர்ணமி, கள்ளழகர் வைகையில் இறங்கியதை அம்மா டிவியில் பார்த்துக் கண் கலங்கியிருந்தாள். முழுநிலா சூரியனுக்கு எதிரேதானே நிற்கும்? அப்படியென்றால் எங்கள் தலைக்கு மேலே சூரியன் நின்ற அதே நேரத்தில், அந்த ஆளில்லாக் கடலின் உச்சிக்குக் கிட்டத்தட்ட நேராக நிலா நின்றுகொண்டிருந்தது.

இதை நான் சத்தமாகச் சொல்லிவிட்டேன். அடக்க முடியவில்லை. அம்மா துளையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

“கடலா? நேர் கீழே அவ இல்லையா?”

இல்லை என்றேன். போனில் அக்கா எதுவும் பேசவில்லை. காவலாளி மூடியைக் கையில் பிடித்தபடி நின்றார். அம்மா குனிந்து மறுபடி துளையைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியவில்லை. இதற்குள் எதிர்ப்பக்கச் சுவரில் மெல்லிசாக வெளிச்சம் மேலேறத் தொடங்கியிருந்தது.

“அப்போ அவ எந்தப் பக்கம்?” என்றாள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இருந்தது. பல இரவு உட்கார்ந்து போட்ட கணக்கு. அங்கே கிடந்த பி.வி.சி. குழாய்த் துண்டை எடுத்து, வடக்கே, கொஞ்சம் கிழக்குப் பக்கமாகத் திருப்பி, தரையைக் குத்துவது போலச் சாய்த்துப் பிடித்தேன். அறுபத்துமூன்று டிகிரி, சுவரில் ஏணி சாத்தும் சாய்வு. “இப்படியே நூல் பிடிச்ச மாதிரி பூமிக்குள்ள போனா அக்கா வீடும்மா” என்றேன். பூமியில் எந்த இடத்துக்கும் மிகத் தூரமான இடம் அதன் நேர் எதிர்ப்புள்ளிதான், இருபதாயிரம் கிலோமீட்டர். அக்கா பதினாலாயிரத்தில் இருக்கிறாள். நேர் கீழே இருந்திருந்தால்தான் அவள் உலகத்திலேயே நம்மை விட்டு அதிகத் தூரத்தில் இருந்திருப்பாள். இதையும் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாளா என்று தெரியாது. குழாயை என் கையிலிருந்து வாங்கி, நான் பிடித்தபடியே சாய்த்துப் பிடித்து, அதன் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை எடுத்து, “நான் உன்னைத் தப்பான இடத்துல தேடிட்டு இருந்திருக்கேன்டி” என்றாள். அக்கா அழுதுகொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த வறண்ட போரை என்ன செய்வது என்று மே மாதம் சங்கம் முடிவெடுத்தது. சுற்றிலும் வடிகட்டிக் குழி தோண்டி, ஜல்லியும் கரியும் மணலும் நிரப்பி, மொட்டைமாடித் தண்ணீரை அதற்குத் திருப்பினோம். ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை மாலை வானம் கறுத்து, பெங்களூருவில் 111 மில்லிமீட்டர் கொட்டியது. ஜூன் மாதத்தில் ஒரே நாளில் பெய்த மழைக்கு 1891-இலிருந்து இருந்த சாதனையை அது முறியடித்தது. மழை கொஞ்சம் விட்டதும் அம்மா குடையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். நான் டார்ச் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். மூடிக்குக் கீழே, குழாய்க்குள், தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. எங்கேயோ வெகு கீழே போய் விழும் சத்தம். அம்மா போனை மூடியின் மேல் வைத்தாள். அங்கே காலை, அக்கா எழுந்து காபி போட்டுக்கொண்டிருந்தாள்.

“கேக்குதா?” என்றாள் அம்மா.

“கேக்குதும்மா. வச்சிடாத.”